ஏபர்பாக் மடமும் அதன் ஒயின் அருங்காட்சியகமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனிக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்தவர்கள், அவர்களைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர், பிராங்க்பர்ட்டில் விமானம் மாற ஒரு நாள் தங்குபவர்கள் என்று பலரும் ஏபர்பாக் மடத்தைப் பற்றிக் கேட்பதுண்டு. அடிக்கடி வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

இந்த இடம் எங்கே இருக்கிறது?

ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில், ரைன் நதிக்கரை ஊரான எல்ட்வில்லுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து திராட்சைத் தோட்டங்கள் வழியாக மேலே ஏறினால், டவுனஸ் மலையடிவாரக் காட்டில் ஒரு சின்னப் பள்ளத்தாக்கு வரும். மடம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. கிட்டத்தில் போகும்வரை கண்ணில் படாது. இதைக் கட்டியவர்கள் சிஸ்டெர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவுச் சபையினர். அவர்கள் ஊர் சந்தடி இல்லாத, தண்ணீர் ஓடும் பள்ளத்தாக்குகளைத் தேடித்தான் மடம் கட்டுவார்கள்.

இது அருங்காட்சியகமா, மடமா, ஒயின் கம்பெனியா?

மூன்றும் என்று சொல்லலாம், ஆனால் இன்று துறவிகள்தான் இல்லை. 1803இல் மடம் கலைக்கப்பட்டது. அதன்பின் இங்கே துறவற வாழ்க்கை கிடையாது. கட்டடங்களை 1998இல் அமைக்கப்பட்ட ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. மடத்தின் வரலாற்றைச் சொல்லும் அருங்காட்சியகம் உள்ளே இருக்கிறது. பழைய திராட்சைப் பிழிபொறிகள் தனிக் கூடத்தில் நிற்கின்றன. தோட்டங்களும் ஒயின் தயாரிப்பும் ஹெஸ்ஸன் மாநில அரசுக்குச் சொந்தமான நிறுவனத்தின் கையில். ஜெர்மனியின் மிகப் பெரிய ஒயின் பண்ணை இதுதான்.

அரசாங்கமே ஒயின் தயாரிக்கிறதா என்று நம்மவர்கள் புருவத்தை உயர்த்துவார்கள். அரசாங்கமே கடை வைத்து விற்கும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதில் என்ன ஆச்சரியம் என்பது எனக்குப் புரிவதில்லை.

யார் கட்டியது?

1136இல் பிரான்ஸின் கிளேர்வோ மடத்தின் தலைவரான புனித பெர்னார்து அங்கிருந்து அனுப்பிய துறவிகள். ரைன் நதிக்குக் கிழக்குக் கரையில் அமைந்த முதல் சிஸ்டெர்சியன் மடம் இது. அதற்கு முன்பே மைன்ஸ் பேராயர் இங்கே வேறொரு துறவுக் குழுவைக் குடியமர்த்தியிருந்தார், அது நிலைக்கவில்லை. கோயில் 1186இல் அபிஷேகம் செய்யப்பட்டது. மற்றக் கட்டடங்கள் அடுத்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக எழுந்தன.

ஒரு காட்டுப் பன்றி தன் தந்தத்தால் மண்ணைக் கீறி, மடம் எங்கே வரவேண்டும் என்று பெர்னார்துக்குக் காட்டியதாக ஒரு கதையும் உண்டு. நம் தலபுராணங்களில் பசு தானாகப் பால் சொரிந்து லிங்கத்தைக் காட்டுமே, அந்த வகைக் கதை.

மலைக்காட்டில் எப்படித் திராட்சை விளைகிறது? அது குளிர் தேசமாயிற்றே?

ரைன் நதி பொதுவாகத் தெற்கிலிருந்து வடக்கே போகும். மைன்ஸ் அருகே டவுனஸ் மலை குறுக்கே நிற்பதால் மேற்கே திரும்பி, பிங்கன் வரை சுமார் 30 கிலோமீட்டர் அப்படியே ஓடி, பிறகுதான் மறுபடி வடக்கே வளைகிறது. அந்த 30 கிலோமீட்டரில் ஆற்றின் வலக்கரைச் சரிவு முழுவதும் தெற்குப் பார்த்தது. நாள் முழுக்க வெயில் விழும். வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை மலை தடுக்கிறது. இந்தத் துண்டு நிலத்துக்குத்தான் ரைன்கௌ என்று பெயர். ஐம்பதாவது அட்சரேகை இதன் வழியாகவே போகிறது. அவ்வளவு வடக்கே திராட்சை பழுப்பதே பெரிய காரியம்.

மடம் இருக்கும் பள்ளத்தாக்கு தோட்டம் போட ஏற்றதல்ல, நிழலும் ஈரமும் அதிகம். தோட்டங்கள் வெளியே, வெயில் படும் சரிவுகளில் இருந்தன. வேலை அங்கே, ஜெபம் இங்கே.

துறவிகள் ஒயின் குடிக்கலாமா?

அவர்கள் பின்பற்றிய புனித பெனடிக்டின் ஒழுங்குநூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது, 40ஆவது. ஒயின் துறவிகளுக்கு உகந்ததே அல்ல, ஆனால் இந்தக் காலத்துத் துறவிகளை அதற்கு ஒப்புக்கொள்ள வைக்க முடியாது, அதனால் அளவோடாவது குடிக்கட்டும் என்கிற தொனியில் அது பேசுகிறது. நாளுக்கு இவ்வளவு என்று ஓர் அளவும் சொல்கிறது, இன்றைய கணக்கில் ஏறக்குறைய கால் லிட்டர். ஆறாம் நூற்றாண்டில் எழுதியது. மனிதர்களை நன்றாகத் தெரிந்தவர் எழுதிய வரிகள்.

பூசைக்கும் ஒயின் வேண்டும். ஆனால் இதற்கெல்லாம் சேர்த்துத் தேவைப்படுவது கொஞ்சம்தான். ஏபர்பாக் விளைவித்தது அதைவிடப் பல மடங்கு. மிச்சம் எங்கே போனது? ஆற்றில் இறங்கி கொலோன் நகரத்துக்குப் போனது. மடத்துக்குச் சொந்தமாகப் படகுகள் இருந்தன, கொலோனில் சொந்தமாக ஒரு கிடங்கு மனை இருந்தது. ரைன் கரையில் கோட்டைக்கு ஒரு சுங்கச்சாவடி என்று பிரபுக்கள் வசூலித்துக்கொண்டிருந்த காலம் அது. மடம் பல இடங்களில் சுங்க விலக்குப் பெற்றிருந்தது. மற்ற வியாபாரிகள் சுங்கம் கட்டியே களைத்துப்போக, துறவிகளின் சரக்கு சும்மா மிதந்து போயிற்று. எளிமையை விரதமாக ஏற்றவர்கள் பெரும் பணக்காரர்கள் ஆனது இப்படித்தான்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எல்லாரும் நேரே கோயிலுக்குப் போவார்கள். நான் சொல்வது பிழிபொறிக் கூடத்துக்கு. இந்த இடம் எதனால் வாழ்ந்தது என்பது அங்கேதான் தெரியும்.

அது முன்பு துணைச் சகோதரர்களின் உணவறை. கல் தூண்கள், தாழ்ந்த வளைவுக் கூரை, மங்கலான வெளிச்சம். அதற்குள் 12 பழைய பிழிபொறிகள் நிற்கின்றன. மிகப் பழையது 1668ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஒவ்வொன்றும் யானை உயரம் என்று சொன்னால் மிகையில்லை. எல்லாம் ஓக் மரம், கறுத்துப்போய்க் கிடக்கிறது.

வேலை செய்யும் விதம் எளிது. கீழே அகலமான தட்டு. அதில் மிதித்து நசுக்கிய திராட்சையைக் குவிப்பார்கள். மேலே பலகை, பலகைக்கு மேல் கட்டைகள், அதற்கு மேல் ஒரு முழு மரத்தையே செதுக்கிய உத்தரம். பெரும் மரத்திருகு ஒன்றைத் தடி போட்டு ஆட்கள் சுற்றச் சுற்ற, உத்தரம் அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கும். சாறு தட்டின் ஓரத்தில் இருக்கும் மூக்கு வழியாகத் தொட்டியில் ஒழுகும். ஒழுகுவது நின்றதும் திருகைத் தளர்த்தி, அடையாக இறுகிப்போன சக்கையை வெட்டிக் கிளறி, மறுபடி அழுத்துவார்கள். அவசரப்பட முடியாது. வேகமாகத் திருகினால் சாறு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அடைபடும், விதை நசுங்கிக் கசப்பும் இறங்கும்.

அந்தத் திருகைக் கிட்டத்தில் பார்க்கத் தவறாதீர்கள். இவ்வளவு பருமனான மரத்தில் மறைகளைக் கையால் வெட்டியிருக்கிறார்கள். ஒரு மறை பிசகினாலும் முழுத் திருகும் வீண். தச்சனின் பெயர் எங்கும் இல்லை. மடாதிபதிகளின் பெயர்களோ வரிசையாக இருக்கின்றன.

துணைச் சகோதரர்கள் என்றால் யார்?

மடத்தில் இரண்டு வகையினர் இருந்தார்கள். ஒரு சாரார் முழுத் துறவிகள். லத்தீன் படித்தவர்கள், இரவும் பகலுமாகக் கோயிலில் ஜெபம் பாடுபவர்கள். இன்னொரு சாரார் துணைச் சகோதரர்கள். அவர்களும் விரதம் எடுத்தவர்கள்தான், தாடி வைத்திருப்பார்கள், எழுதப்படிக்க எதிர்பார்க்கப்படவில்லை. தோட்டம், பண்ணை, தச்சு, படகு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மடம் உச்சத்தில் இருந்தபோது துறவிகளைவிட இவர்கள் எண்ணிக்கைதான் அதிகம்.

இருவருக்கும் தனித்தனிப் படுக்கை, தனித்தனி உணவறை. கோயிலுக்குள்ளும் தனித்தனி இடம். இரண்டு பகுதிக்கும் நடுவே ஒரு சந்து ஓடுகிறது, இன்றும் அதில் நடக்கலாம். துறவிகளுக்கு முற்றத்தைச் சுற்றிய அழகிய தாழ்வாரம் இருக்க, உழைத்தவர்களுக்கு இந்தச் சந்து. ஒரே கடவுள், ஒரே மதில், நடுவில் ஒரு கோடு. எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதா? சாதி இல்லைதான், ஆனால் அந்தச் சந்தில் நிற்கும்போது நம்மூர் நினைவு வராமல் போகாது.

அவர்கள் இதையெல்லாம் சும்மா ஏற்றுக்கொள்ளவும் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் ஏபர்பாக்கில் துணைச் சகோதரர்கள் பலமுறை கிளர்ச்சி செய்திருக்கிறார்கள். காலப்போக்கில் இந்த வழிக்கு வருபவர்கள் குறைந்துபோனார்கள். கூலிக்கு ஆள் வைக்கும் நிலை வந்தது. காலியான அவர்களுடைய பகுதி ஒயின் வேலைக்குப் போயிற்று. அவர்கள் சாப்பிட்ட கூடத்தில் இன்று பிழிபொறிகள் நிற்பதற்கு இதுதான் பின்னணி.

பெரிய பீப்பாய் ஒன்று இருந்ததாமே?

இருந்தது. 1500ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட அந்தப் பீப்பாய் சுமார் 70,000 லிட்டர் கொள்ளும். வெறும் சேமிப்புக்கு அவ்வளவு பெரிது தேவையில்லை. எங்களிடம் இவ்வளவு இருக்கிறது என்று காட்டத்தான்.

காட்டியது பலருடைய கண்ணிலும் பட்டது. 1525இல் ஜெர்மன் நாடுகள் முழுக்க விவசாயிகள் எழுந்தபோது, ரைன்கௌ மக்களும் மடத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் கூடாரமடித்தார்கள். வரி, பண்ணை உரிமை என்று கோரிக்கைகள் இருந்தன. கூடவே தாகமும் இருந்தது. பீப்பாயில் பெரும்பகுதியைக் குடித்துத் தீர்த்தார்கள். கிளர்ச்சி சீக்கிரமே அடக்கப்பட்டது. வழிகாட்டிகள் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். அந்த ஒயினை விளைவித்துக் கொடுத்ததும் அந்த மக்கள்தானே என்பதை யாராவது ஒருவர் சொன்னால் நன்றாயிருக்கும்.

மதில் சுற்றிய தோட்டம் எது?

ஸ்டைன்பெர்க். மடத்திலிருந்து நடந்துபோகும் தூரம்தான். ஏறத்தாழ 80 ஏக்கர். துறவிகள் 12ஆம் நூற்றாண்டு முதல் துண்டு துண்டாக நிலம் சேர்த்து ஒன்றாக்கியது. 1760களில் சுற்றிலும் சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் மதில் எழுப்பினார்கள். முதல் காரணம் பழத் திருட்டு. ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சையின் பழுத்த குலைகளை அறுவடைக்கு முந்தைய வாரம் காப்பாற்றுவது அப்போதும் தலைவலிதான். குளிர்காற்றைத் தடுத்து, பகல் வெயிலைக் கல்லில் வாங்கி வைத்துக்கொள்வது கூடுதல் லாபம்.

இந்தத் தோட்டம் பாகம் பிரியவே இல்லை. மடம், நாஸௌ பிரபுக்கள், பிரஷ்ய அரசு, ஹெஸ்ஸன் மாநிலம் என்று கை மாறியது, ஆனால் எப்போதும் ஒரே உடைமையாளர். 2008இல் இதன் ஓரத்தில் புதிய ஒயின் ஆலையைப் பெரும்பகுதி மண்ணுக்கடியில் கட்டினார்கள். இன்று சாறு பிழிவதும் நொதிப்பதும் அங்கேதான்.

1803க்குப் பிறகு என்ன ஆனது?

நெப்போலியன் காலக் குழப்பத்தில் ஜெர்மன் சிற்றரசர்கள் திருச்சபைச் சொத்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஏபர்பாக் நாஸௌ-உசிங்கன் பிரபுவுக்குப் போயிற்று. பல மடங்கள் அந்தக் காலத்தில் கல் கல்லாகப் பிரிக்கப்பட்டு வேறு வீடுகளுக்குச் சுவராகின. ஏபர்பாக் தப்பியதற்குப் பக்தி காரணமல்ல. தோட்டம் பணம் தந்தது, நிலவறைகள் தேவைப்பட்டன. 1806இலேயே இங்கே ஒயின் ஏலம் தொடங்கிவிட்டது.

மற்றக் கட்டடங்களுக்கு வேறு கதி. ஒரு பகுதி சிறைச்சாலை ஆனது, இன்னொரு பகுதி மனநோயாளிகள் காப்பகம். காப்பகம் 1849இல் பக்கத்து ஐக்பெர்க்குக்கு மாறியது. சிறை 1912 வரை இருந்தது. துறவி அறைகளும் சிறை அறைகளும் ஒரே சுவருக்குள் என்பது நினைத்துப்பார்க்கப் பாரமான விஷயம். கண்காட்சியில் நிதானமாக நிற்க வேண்டிய பகுதி இது. பெரும்பாலானவர்கள் ஒயின் சுவைக்கும் அவசரத்தில் கடந்துபோய்விடுகிறார்கள்.

அதற்கெல்லாம் வெகு முன்பே, ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரில், 1631இல் ஸ்வீடன் படைகள் சூறையாடியதில் நூலகம் பறிபோனதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் பழைய சுவடிகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான்.

நிலவறையில் என்ன இருக்கிறது?

துறவிகளின் பழைய வேலைக்கூடம் ஒன்று 18ஆம் நூற்றாண்டில் சிறந்த ஒயின்களுக்கென ஒதுக்கப்பட்டது. ‘கேபினெட்’ நிலவறை என்று சொல்வார்கள். அந்தக் காலத்தில் அது உயர்ந்த சரக்கு. கடையில் இன்று அதே பெயர் போட்ட பாட்டிலைப் பார்த்து ராஜ ஒயின் என்று எண்ண வேண்டாம். 1971 ஒயின் சட்டப்படி அது மென்மையான, ஆல்கஹால் குறைந்த வகையைக் குறிக்கிறது. விலையும் சாதாரணம்தான்.

பூட்டி வைத்த பொக்கிஷ அறையில் 1706ஆம் ஆண்டு ஒயின் வரை இருக்கிறது. குடிக்க நன்றாயிருக்குமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஔரங்கசீப் உயிரோடிருந்தபோது பிழிந்த சாறு, அதைக் குடித்துத்தான் ஆகவேண்டுமா?

ரீஸ்லிங் திராட்சை இங்கேதான் பிறந்ததா?

அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பெயரின் மிகப் பழைய பதிவு 1435ஆம் ஆண்டுக் கணக்கொன்றில், பக்கத்து ரூஸல்ஸ்ஹைமில் கிடைத்திருக்கிறது. காட்சனெல்ன்போகன் பிரபு வீட்டுக்குத் திராட்சைக் கொடிகள் வாங்கிய செலவு. அந்தப் பிரபு குடும்பத்தின் கல்லறைகள் ஏபர்பாக் கோயிலில் இருக்கின்றன, உள்ளே போகும்போது பாருங்கள். இன்று ரைன்கௌ தோட்டங்களில் நான்கில் மூன்று பங்குக்கு ரீஸ்லிங்தான்.

கோயிலில் ஏன் ஒன்றுமே இல்லை?

வேண்டுமென்றேதான். வண்ண ஓவியம், சிற்பம், உயர்ந்த கோபுரம் எதுவும் வேண்டாம் என்பது சிஸ்டெர்சியன் கொள்கை. கண்ணுக்கு இல்லாததைக் காதுக்கு வைத்திருக்கிறார்கள். யாராவது ஒரு சுரம் பாடினால் கூரையில் வெகுநேரம் நிற்கும். கோடையில் ரைன்கௌ இசைவிழா கச்சேரிகள் இங்கே நடக்கும்.

துறவிகளின் படுக்கைக்கூடத்தையும் விடாதீர்கள். சுமார் 70 மீட்டர் நீளம். தரை போகப்போக மெல்ல உயர்கிறது, அதற்கேற்பத் தூண்கள் குட்டையாகின்றன. அதனால் இருப்பதைவிட நீளமாகத் தெரியும். ஷான் கானரி துறவியாக நடித்த 1986ஆம் ஆண்டுப் படமான ‘ரோஜாவின் பெய’ரின் உட்புறக் காட்சிகள் பலவற்றை இந்த மடத்தில்தான் எடுத்தார்கள். இந்தக் கூடம் அதில் சுவடி எழுதும் இடமாக வருகிறது.

மது அருந்தாதவர்கள், குழந்தைகள், சைவ உணவுக்காரர்கள் வரலாமா?

தாராளமாக. சுவைப்பது கட்டாயமில்லை. திராட்சைச் சாறு கிடைக்கும், அதுவும் நன்றாகவே இருக்கும். சாப்பாட்டுக்கு வளாகத்திலேயே விடுதி உண்டு. சைவம் என்றால் ஷ்புண்டகேஸ் என்று கேளுங்கள். இந்த வட்டாரத்துப் பாலாடைக்கட்டி விழுது, வெங்காயமும் மிளகாய்த்தூளும் தூவி, முறுக்கிய உப்பு ரொட்டியோடு தருவார்கள். பாட்டிமார்களுக்கும் பிடிக்கும். கற்பாதையும் படிகளும் உண்டு, முட்டிவலிக்காரர்கள் மெல்ல நடக்கட்டும். கோடையிலும் ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே குளிரும்.

எப்போது, எப்படிப் போவது?

அக்டோபர் சிறந்த மாதம். அறுவடை நடக்கும், சரிவெல்லாம் மஞ்சளாயிருக்கும். நிதானமாகப் பார்க்க அரைநாள் வேண்டும். பிராங்க்பர்ட்டிலிருந்து வீஸ்பாடன் வழியாக எல்ட்வில்லுக்கு ரயில், அங்கிருந்து பேருந்து. மாலையில் பேருந்துகள் குறைந்துவிடும் என்பதால் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணமும் திறந்திருக்கும் நேரமும் பருவத்துக்கேற்ப மாறும், மடத்தின் இணையதளத்தில் இருக்கும்.

காரில் போகிறவர்கள் ஓட்டுபவருக்குச் சாறு வாங்கிக் கொடுங்கள். 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களும், ஓட்டுநர் உரிமம் வாங்கி இரண்டாண்டு ஆகாதவர்களும் ஒரு துளிகூடக் குடித்துவிட்டு ஓட்டக்கூடாது. இங்கே அது சட்டம்.

ஊருக்கு ஒயின் கொண்டுபோகலாமா?

இந்தியச் சுங்க விதிப்படி ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுபோகலாம். வழக்கமான முக்கால் லிட்டர் பாட்டில் என்றால் இரண்டு. கைப்பையில் வேண்டாம், பெரிய பெட்டியில் வைப்பதே நல்லது. ரீஸ்லிங் பாட்டில் கழுத்து நீண்டது, புடவைக்கு நடுவில் படுக்கவைத்து, கழுத்துக்கு ஒரு ஜோடி காலுறையை மாட்டிவிடுங்கள்.